தரை தொட்ட பிறகு: பழைய வால் சக்கர விமானங்களும் பக்கக்காற்றும்

பழைய சிறு விமானம் ஒன்று சேதமடைந்தது என்று கேள்விப்பட்டால், வானத்தில் என்ன ஆயிற்று என்றுதான் முதலில் கேட்கிறோம். பல நேரம் வானத்தில் ஒன்றுமே ஆகியிருக்காது. என்ஜின் சீராக ஓடியிருக்கும், சக்கரங்களும் மெத்தென்று தரை தொட்டிருக்கும். அதற்குப் பிறகு, வேகம் தணிந்துகொண்டு வரும் சில நொடிகளில், மூக்கு மெல்ல ஒரு பக்கம் விலகும். விமானி காலால் திருத்துவதற்குள் விலகல் பெருகிவிடும். விமானம் தன்னையே சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் சறுக்கும். வெளிப்பக்க இறக்கையின் நுனி தரையில் உரசும். ஒரு கால் மடங்கினால் ப்ரொப்பெல்லர் மண்ணைக் கொத்தும். விமானிகள் இதை கிரவுண்ட் லூப் என்பார்கள். இதில் உயிர் போவது அரிது. ஆனால் எண்பது, தொண்ணூறு வயதான, மரமும் துணியுமாகக் கட்டிய விமானத்துக்கு அதுவே கடைசிப் பறப்பாகிவிடலாம். உடைந்த இறக்கையைத் திரும்பக் கட்டத் தெரிந்த தச்சர்கள் உலகத்திலேயே குறைவு.

இந்தத் தவறு யாருடையது என்ற கேள்விக்கு நூறு ஆண்டாகப் பதில் சொல்லி வருகிறார்கள். விமானியின் கால் சோம்பல் என்பார் ஒருவர், விமானத்தின் பிறவிக் குணம் என்பார் இன்னொருவர், காற்றைக் காரணம் சொல்கிறவர்களும் உண்டு. எல்லாவற்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அதிகம் பேசப்படாத ஒன்றையே நான் முதன்மையான காரணமாகக் கருதுகிறேன். அந்த விமானங்கள் எந்தத் தரைக்காகப் பிறந்தனவோ அந்தத் தரை இன்று இல்லை. புல்வெளியில் எந்தத் திசையிலும் இறங்கப் பழகிய விமானத்தை ஒற்றைத் திசைத் தார்ப்பாதையில் இறக்கிவிட்டு, அது திரும்பிவிட்டதே என்று விமானியைக் குறை சொல்கிறோம்.

விமான நிலையமே இல்லாத ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வியைப் பார்க்க வலுவான காரணங்கள் உண்டு. ராஜபாளையத்துக்காரரான பி.எஸ்.குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்ட அந்த மனிதரின் ஆட்சிக்காலத்தில்தான் சென்னை அரசு டி ஹாவிலாண்ட் டவ் விமானம் ஒன்றை வாங்கியது. அதை இங்கிலாந்திலிருந்து ஓட்டி வந்தவர்கள் வி.சுந்தரம், உஷா சுந்தரம் தம்பதி. லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரம். அந்த வேகம் அன்று பெரிதாகப் பேசப்பட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது டவ் விமானத்தின் மூக்குக்கு அடியில் இருந்த சக்கரம். அந்தத் தலைமுறை விமானிகள் பறக்கக் கற்றுக்கொண்ட மாத் வகை விமானங்களுக்கு மூக்குச் சக்கரம் கிடையாது. முன்னால் இரண்டு சக்கரம், வாலில் ஒரு சறுக்குக்கட்டை அல்லது சிறு சக்கரம், அவ்வளவுதான். ஒரு யுகம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் அந்த டவ் நிற்கிறது.

வால் சக்கர விமானம் ஏன் திரும்புகிறது என்பதை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது. ஆண்டாள் கோயில் தேரைப் பார்த்தவர்கள் அவர்கள். ஆடிப்பூரத் தேருக்கு ஸ்டியரிங் இல்லை, சக்கரங்கள் அச்சில் நேராகவே நிற்கும். வடம் முன்னாலிருந்து இழுக்கிறது. அத்தனை எடையும் பின்னாலிருந்து அந்த இழுப்பைத் தொடர்கிறது. தேர் சற்று விலகினாலும் வடத்தின் இழுப்பு அதை நேருக்குக் கொண்டுவரப் பார்க்கும். ரத வீதி மூலையில் திருப்ப வேண்டுமானால் ஒரு பக்கச் சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுக்கிறார்கள். அந்தப் பக்கம் தயங்க, மறுபக்கம் ஓட, தேர் திரும்புகிறது. இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்த பிறகும் கட்டை போடுகிறவர்களின் கண்ணும் கையும் இல்லாமல் தேர் நிலைக்கு வருவதில்லை.

தரையிறங்கிய வால் சக்கர விமானத்தில் இந்த ஏற்பாடு தலைகீழ். எடை மையம் முன் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. சக்கரங்கள் முன்னால் நின்று தடுக்கின்றன, எடை பின்னாலிருந்து தள்ளுகிறது. மூக்கு ஒரு பாகை விலகினாலும், எடை தன் பழைய திசையிலேயே போக முயன்று, சக்கரங்களைச் சுற்றிக்கொண்டு முன்னுக்கு வரப் பார்க்கும். விலகல் கூடக்கூட அந்த முறுக்கும் கூடும். யாரும் தலையிடாவிட்டால் வால் முன்னால் வந்த பிறகே அடங்கும். மூக்குச் சக்கர விமானத்தில் எடை மையம் பிரதான சக்கரங்களுக்கு முன்னால் இருப்பதால் அதே விலகல் தானாகவே நேராகிவிடுகிறது. ஒரு டயர் ஈரமண்ணில் பட்டாலும், ஒரு பக்கப் பிரேக் சற்று அதிகம் பிடித்தாலும், தேர்க்கட்டை செய்யும் அதே வேலையை அது செய்துவிடும். தேரில் கட்டை போடுகிறவருக்கு யோசிக்க நேரம் உண்டு. விமானிக்கு அரை நொடிகூடக் கிடைக்காது.

இந்த நிலையற்ற தன்மையைச் சமாளிக்கத்தான், விமானி காலால் இயக்கும் வால் சுக்கான் இருக்கிறது. ஆனால் சுக்கான் காற்றால் வேலை செய்வது. அதன் வலிமை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும்; வேகம் பாதியானால் வலிமை கால்வாசி. தரை தொட்டதும் வேகம் குறைகிறது; த்ராட்டில் மூடியிருப்பதால் ப்ரொப்பெல்லர் வாலின் மேல் வீசும் காற்றும் நின்றுபோகிறது. சுக்கான் செத்து, வால் சக்கரம் இன்னும் சரியாகத் தரையைப் பிடிக்காத ஓர் இடைவெளி வருகிறது. கிரவுண்ட் லூப் காத்திருப்பது அங்கேதான். பறப்பு முடிந்தது என்று விமானியின் உடம்பு தளரும் நேரமும் அதுவே. விமானம் கட்டுமிடத்தில் கட்டப்படும்வரை கால் வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும் என்று பழைய பயிற்சியாளர்கள் விடாமல் சொன்னதற்கு இதுதான் காரணம்.

திரும்பத் தொடங்கிய விமானத்தை மீட்க ஒரு வழி, த்ராட்டிலைச் சட்டென்று திறந்து சுக்கானின் மேல் காற்றை அடிக்கச் செய்வது. துணிச்சலான வழிதான், ஆனால் பயன் தரும். இதிலும் ஒரு பொறி உண்டு. டைகர் மாத்தில் உள்ள ஜிப்ஸி மேஜர் என்ஜின், விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும். பவர் கொடுத்தால் மூக்கு வலப்பக்கம் போகும். நம் நாட்டுப் பறப்புக் கழகங்களில் பின்னாளில் வந்த புஷ்பக்கில் இருப்பது அமெரிக்கக் கான்டினென்டல் என்ஜின். அது வலஞ்சுழி, மூக்கு இடப்பக்கம் போகும். ஒன்றில் ஊறிய கால் மற்றொன்றில் தவறான பக்கம் உதைத்துவிடும். ஒரு விமானத்தில் ஆயிரம் மணி நேரம் பறந்தவர் அடுத்த விமானத்தில் புதியவர்தான் என்று சொல்வது இதனால்தான்.

இப்போது காற்றுக்கு வருவோம். ராஜபாளையத்தில் ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து மலை இறங்கி வரும் காற்றை அறியாதவர் இல்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழைந்து தென்காசியைச் சாரலில் நனைத்துவிட்டு வரும் காற்று ஒரு பக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையின் முகட்டைத் தாண்டி, அய்யனார் கோயில் ஆற்றுப் பக்கமும் செண்பகத்தோப்புப் பக்கமும் புரண்டு விழும் காற்று இன்னொரு பக்கம். மலைக்குக் கீழ்க்காற்றுப் பக்கத்தில் இருக்கும் ஊர் இது. இங்கே காற்று ஒரே சீராக வீசாது. அடிக்கும், நிற்கும், திசை மாறி மறுபடி அடிக்கும். தென்னை மட்டை ஒரு நிமிடம் தொங்கிக் கிடக்கும், மறு நிமிடம் பிய்த்துக்கொண்டு போகும். சிறு விமானத்துக்கு ஒரே சீராக வீசும் காற்றைவிட, மணிக்கு 15 கிலோமீட்டருக்கும் 30-க்கும் இடையே துள்ளும் காற்று ஆபத்தானது. முன்னதற்குக் கால் ஒரு நிலை எடுத்து நிற்கலாம், பின்னதில் நிற்க முடியாது.

பக்கக்காற்று இரண்டு தீங்கு செய்கிறது. தரை தொடுமுன் விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போகும். அந்த நகர்வோடு சக்கரம் தரை தொட்டால் முதல் நொடியிலேயே முறுக்கு தொடங்கிவிடும். தொட்ட பிறகு, சக்கரங்களுக்குப் பின்னால் நீண்டு கிடக்கும் உடலும் வாலும் காற்றை வாங்கி, மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பும். இதைச் சமாளிக்கக் காற்றடிக்கும் பக்க இறக்கையைத் தாழ்த்தி, எதிர்ப்பக்கச் சுக்கான் கொடுத்து, ஒற்றைச் சக்கரத்தில் இறங்கும் முறையைக் கற்றுக்கொடுப்பார்கள். பார்க்கிறவர்களுக்குக் கோணலாகத் தெரியும் அந்த இறக்கம்தான் சரியானது.

ஆனால் முதல் தலைமுறை விமானிகள் பக்கக்காற்றை இந்த அளவுக்குச் சந்திக்கவே வேண்டியிருக்கவில்லை. அன்றைய விமானத் தளம் பெரும்பாலும் ஒரு திறந்த வெளி. காற்றுப்பை எந்தப் பக்கம் நீள்கிறதோ அதற்கு எதிர்முகமாக இறங்குவார்கள். இதில் கிடைக்கும் ஆதாயத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டைகர் மாத் மணிக்கு 70 கிலோமீட்டர் அளவில் தரை தொடுகிறது என்று வையுங்கள். 25 கிலோமீட்டர் எதிர்காற்றில் இறங்கினால் தரையைப் பொறுத்து அதன் வேகம் 45 தான். கட்டுப்பாடு தவறினால் விமானத்தைச் சுற்றிவிடும் ஆற்றல் வேகத்தின் இருமடியில் போவதால், அது காற்றில்லாத நாளில் இருப்பதில் ஐந்தில் இரண்டு பங்காகக் குறைந்துவிடும். பக்கத்திலிருந்து அதே காற்று வந்தால் அந்த ஆதாயம் முழுக்கப் போய், முறுக்கு மட்டும் மிஞ்சும்.

தரையின் மேற்பரப்பும் கணக்கில் சேரும். 1931-ல் முதன்முதலாகப் பறந்து, எட்டாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்ட டைகர் மாத்துக்குப் பிரேக் கிடையாது. வாலில் ஒரு சறுக்குக்கட்டை மட்டும். புல்தரையில் அது மண்ணைக் கீறிக்கொண்டு வரும்; அந்த இழுப்பு பின்னாலிருந்து விமானத்தை நேராகப் பிடித்துவைக்கும், வேகத்தையும் குறைக்கும். பக்கவாட்டில் சற்று நகர்ந்தாலும் சக்கரம் புல்லில் வழுக்கிக்கொடுக்கும். தார்ச்சாலையில் இரண்டும் கெட்டுவிடுகிறது. சறுக்குக்கட்டைக்குப் பிடிப்பில்லை, டயருக்கோ பிடிப்பு அதிகம். எனவேதான் இன்று பறக்கும் பல டைகர் மாத்களுக்கு வால் சக்கரமும் பிரேக்கும் பொருத்துகிறார்கள். பழமை கெடுகிறதே என்று வருந்துகிறவர்கள் உண்டு. தார் ஓடுதளம்தான் கதி என்றால் நான் பிரேக்கின் பக்கம்.

தார் ஓடுதளம் வந்த காலத்தில் பொறியாளர்கள் காற்றை மறந்துவிடவில்லை. இரண்டாம் உலகப்போரின் பிரிட்டிஷ் தளங்களில் மூன்று ஓடுதளங்களை முக்கோணமாகக் குறுக்கிட்டுப் போட்டார்கள். மீனம்பாக்கத்திலும் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஓடுதளங்கள் உண்டு. விமானங்கள் கனமாகி, மூக்குச் சக்கரம் பொதுவான பிறகு, நிலத்தை மிச்சம்பிடிக்க ஒற்றை ஓடுதளமே போதும் என்றாகிவிட்டது. பெரிய விமானத்துக்கு அது போதும்தான். பழைய சிறு விமானம்தான் அதற்கு விலை கொடுக்கிறது.

இறங்கும் முறையைப் பற்றி விமானிகளிடையே தீராத ஒரு வாதம் உண்டு. மூன்று சக்கரமும் ஒரே சமயம் தரை தொட வேண்டும் என்பது ஒரு கட்சி. மிகக் குறைந்த வேகத்தில் இறங்கலாம், வால் உடனே தரையைப் பிடிக்கும் என்பது அவர்கள் நியாயம். முன் சக்கரங்கள் மட்டும் முதலில் தொடட்டும், வால் உயரத்திலேயே இருந்தால் முன்னால் பாதை தெரியும், சுக்கானும் காற்றில் நிற்கும் என்பது மறுகட்சி. டைகர் மாத்துக்கு முதல் முறையும் டக்கோட்டா போன்ற கனமான விமானத்துக்கு இரண்டாவதும் வழக்கம். இரண்டாவது முறையில் ஆபத்து தள்ளிப்போகிறதே தவிர, நீங்கிவிடுவதில்லை. வால் இறங்கும்போது அதே இடைவெளி வரத்தான் செய்யும். பார்வை பற்றிய வாதம் மட்டும் எளிதில் ஒதுக்கக்கூடியதல்ல. டைகர் மாத்தில் தனியாகப் பறப்பவர் பின் இருக்கையில் அமர்கிறார். வால் தரையில் இருக்கும்போது உயர்ந்து நிற்கும் மூக்கு பாதையை முழுக்க மறைத்துவிடும். இரண்டு ஓரங்களையும் கடைக்கண்ணால் பார்த்தே நேர்க்கோட்டை உணர வேண்டும்.

விமானியின் மேல் பழி போடுமுன் வாலைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. தேய்ந்த வால் சக்கரத் தண்டு, தளர்ந்த ஸ்பிரிங், இரண்டு டயரிலும் சமமில்லாத காற்று, ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் பிரேக், கோணம் மாறிய சக்கர அச்சு ஆகிய ஒவ்வொன்றும் சேதத்துக்குப் பிறகு கண்ணில் படாமல் போகக்கூடியது. ஏனென்றால் சேதமே அந்தப் பாகங்களை உடைத்துவிடுகிறது. டக்கோட்டாவில் வால் சக்கரத்தை நேராகப் பூட்டிவைக்க ஒரு பூட்டு உண்டு. புறப்படுமுன்னும் இறங்குமுன்னும் அதைப் போடுவது சரிபார்ப்புப் பட்டியலில் இருக்கும். அதை மறந்தால், விமானி எவ்வளவு தேர்ந்தவரானாலும் வால் தன் இஷ்டத்துக்குத் திரும்பும்.

தொழில் உலகம் கண்ட தீர்வு எடை மையத்துக்கு முன்னால் ஒரு சக்கரம் வைப்பது. பைப்பர் நிறுவனம் 1951-ல் தன் பேசர் விமானத்துக்கு மூக்குச் சக்கரம் கொடுத்து ட்ரை-பேசர் என்றது. செஸ்னா தன் 170 விமானத்தை அப்படியே மாற்றி 1956-ல் 172 ஆக்கியது. அந்த 172 தான் இன்றுவரை உலகமெங்கும் மாணவர்களைப் பறக்கவைக்கிறது. வேறு வழிகளையும் முயன்றார்கள். பக்கக்காற்றில் தானாகத் திரும்பிக்கொடுக்கும் பிரதான சக்கரங்களை குட்இயர் செய்தது. பி-52 குண்டுவீச்சு விமானத்தின் சக்கரங்களையே காற்றுக்கு ஏற்பக் கோணம் திருப்பி வைக்க முடியும். சிறு விமானங்களில் அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. மூக்குச் சக்கரம் எளிது, மலிவு.

நம் நாட்டில் இந்த மாற்றம் மெதுவாக வந்தது. வி.எம்.காட்கே தலைமையில் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் வடிவமைத்து 1951 ஆகஸ்டில் பறந்த எச்.டி-2 வால் சக்கர விமானம்தான். 1958-ல் பறந்த புஷ்பக்கும் அப்படியே. துணி போர்த்திய, இருவர் அருகருகே அமரும், 90 குதிரைத்திறன் கொண்ட அந்த எளிய விமானம் நூற்றைம்பதுக்கு மேல் கட்டப்பட்டு நாடெங்கும் பறப்புக் கழகங்களுக்குப் போனது. கர்னால் கழகத்தில் சிறுமியாக இருந்தபோது கல்பனா சாவ்லா ஏறிப் பார்த்தது ஒரு புஷ்பக்கில்தான். விமானப்படையில் எச்.டி-2-க்குப் பிறகு வந்த எச்.பி.டி-32 தீபக்குக்கு மூக்குச் சக்கரம் இருந்தது. அதைக் கொண்டே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. பறப்பில் என்ஜின் நின்றுபோகும் கோளாறால் உயிர்கள் போய், 2009-ல் அந்த விமானம் நிறுத்தப்பட்டது. சக்கரத்தின் இடத்தை மாற்றினால் ஒரு வகை விபத்து குறையும், அவ்வளவுதான்.

இந்த மாற்றத்தில் நாம் இழந்தது கால் வித்தை. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி.டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு புஸ் மாத் விமானத்தில் தபால் கொண்டுவந்தார். நெவில் வின்சென்ட் அதைத் தொடர்ந்து சென்னைவரை கொண்டுவந்தார். அதன் பொன்விழாவில், 1982-ல், 78 வயது டாட்டா லெப்பர்டு மாத் விமானத்தில் அதே கராச்சி-பம்பாய் வழியை மறுபடி பறந்தார். பலரும் அந்த வயதில் அவ்வளவு தூரம் பறந்ததைப் பாராட்டினார்கள். வால் சக்கர விமானத்தை ஒரே நாளில் அடுத்தடுத்த தளங்களில் நேராக இறக்கி நிறுத்திய கால்களை நான் அதைவிடப் பெரிதாக மதிக்கிறேன். இளமையில் ஏறிய பழக்கம் ஐம்பது ஆண்டு கழித்தும் அந்தக் கால்களில் நின்றது.

இன்றைய மாணவருக்கு அந்தப் பழக்கம் ஏற வழியில்லை. நம் பயிற்சிப் பள்ளிகளில் இருப்பவை பெரும்பாலும் செஸ்னாவும் டயமண்டும். எல்லாம் மூக்குச் சக்கரம். அமெரிக்காவில் 1991 ஏப்ரல் முதல், வால் சக்கர விமானம் ஓட்டப் பயிற்சியாளரின் தனிச் சான்று வேண்டும் என்று விதியே இருக்கிறது. இங்கே பழைய விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கியிருக்கின்றன. பிரிட்டனில் சீரமைக்கப்பட்ட டைகர் மாத் 2012-ல் ஹிண்டனில் விமானப்படை நாள் விழாவில் பறந்தது, ஹார்வர்டு பயிற்சி விமானம் வந்தது, பரசுராமா என்று பெயரிட்ட டக்கோட்டா 2018-ல் வந்து சேர்ந்தது. விமானப்படைக்குத் தேர்ந்தெடுத்த விமானிகளும் அவர்களைப் பழக்க நேரமும் இருக்கிறது. தனியார் ஒருவர் ஒரு புஷ்பக்கையோ மாத்தையோ மீட்டுப் பறக்கவிட நினைத்தால், அவருக்கு வால் சக்கரம் கற்றுத்தர யார் இருக்கிறார்கள்? புஷ்பக்கில் கற்றுத்தந்த பயிற்சியாளர்களின் தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே இந்த வித்தையை இன்னொரு கூட்டத்துக்குக் கைமாற்றுவது, விமானத்துக்குப் புதுத் துணி போர்த்துவதைவிட அவசரமான வேலை.

இதற்கு ஏற்ற தரையும் வேண்டும். கோவில்பட்டி அருகே உள்ள தனியார் ஓடுதளத்தில் விமானப் பயிற்சிப் பள்ளி கொண்டுவரும் பேச்சு சில ஆண்டுகளாக நடக்கிறது. வந்தால் நம் பிள்ளைகளுக்கு அதுதான் பக்கத்துப் பள்ளி. அங்கோ, நாளை மலையடிவாரத்தில் வேறெங்கோ தளம் அமைந்தாலோ, தார்ப்பாதைக்குத் துணையாகக் கிழக்கு மேற்காக ஒரு புல் ஓடுதளம் போட வேண்டும் என்பது என் கோரிக்கை. மலையை ஒட்டித் தெற்கு வடக்காக மட்டும் பாதை போட்டால் ஆடிக்காற்று முழுக்கப் பக்கக்காற்றாகிவிடும். கிழக்கு மேற்குப் பாதையில் ஆடிக்கு மேற்கு முகமாகவும், ஐப்பசியில் வாடைக்கு ஓரளவு கிழக்கு முகமாகவும் இறங்கலாம். மாத், புஷ்பக் போன்றவற்றுக்கு அறுநூறு மீட்டர் நீளம் தாராளம். கரிசல் நிலமானால் அப்படியே விடக் கூடாது. பங்குனி, சித்திரையில் கரிசல் வெடித்துப் பாளம் பாளமாகப் பிளக்கும், வால் சக்கரம் அந்த வெடிப்பில் மாட்டினால் முறிந்துவிடும். மழையிலோ டயரில் அப்பிக்கொண்டு ஒரு பக்கச் சக்கரத்தையே பிடித்து நிறுத்திவிடும். சரளை பரப்பி உருட்டி, மேலே செம்மண் போட்டு, அருகம்புல் பிடிக்க விட வேண்டும். முதல் விமானம் இறங்குமுன் அந்தப் புல்லுக்கு ஓர் ஐப்பசி, கார்த்திகை மழையாவது கிடைத்திருக்க வேண்டும்.